ஊர்ப்பேர் வாங்கிய திராட்சை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு இத்தாலியில் ஒரு பிறந்தவீடு உண்டு. ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில், ஆஸ்திரியாவை ஒட்டிக் கிடக்கும் தென் டிரோல் பகுதியில், ஸ்கியாவா என்ற கருந்திராட்சை பல நூறு ஆண்டுகளாக மரச்சட்டப் பந்தலில் படர்கிறது. அதில் பருத்த காய் காய்க்கும் ஒரு வகை வடக்கே பயணப்பட்டு, ஜெர்மனி வழியாக இங்கிலாந்துச் சீமான்களின் கண்ணாடிக் குடில்களுக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்குக் கருப்பு ஹாம்பர்க் என்று பேர் விழுந்தது. 1850 வாக்கில், பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்னோ, இந்தக் கருப்பு ஹாம்பர்க்கையும் அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சையையும் இனக்கலப்பு செய்தார். ஒன்றிலிருந்து நிறமும் குலையின் கனமும், மற்றொன்றிலிருந்து மணமும் வந்தன. பிறந்த கொடிக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பேர் வைத்தார்கள். மரபணுச் சோதனை பின்னாளில் அந்தப் பெற்றோர் கணக்கு சரிதான் என்று உறுதி செய்தது.

உத்தமபாளையம் வட்டாரத்தில் கல்தூண் பந்தலில் தொங்குவது அதே கொடிதான்.

பன்னீர் என்ற பேருக்கேற்ப, ரோஜாப்பூவின் மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருள்கள் மஸ்கட் இனத் திராட்சைகளிலும் உண்டு. பழத்தை விரலில் அழுத்தினால் தோல் தனியாக வழுகும், சதை உருண்டு வெளியே வரும், நடுவில் இரண்டு மூன்று விதை இருக்கும். தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு மெழுகுப் படலம் இருக்கும். அது கலையாமல் இருந்தால் பழம் காலையில் வெட்டியது என்று வாங்குபவர் நம்பலாம். பெட்டியில் அடுக்கி இரண்டு நாள் லாரியில் குலுங்கினால் காம்பிலிருந்து பழம் உதிர ஆரம்பித்துவிடும். அதனால்தான் இது பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள்ளும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் விற்றுத் தீர்கிறது. தொலைதூரச் சந்தைக்குப் போகிற கௌரவத்தை ஓடைப்பட்டி போன்ற ஊர்களின் விதையில்லாத் திராட்சை வாங்கிக்கொண்டது.

இந்தக் கொடி தமிழ்நாட்டுக்கு வந்த கதையைப் பலரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது அந்தக் கதை. மதுரை, சேலம் மாவட்டங்களுக்குக் கிறிஸ்தவ மிஷனரிகள் அந்த வாக்கில் திராட்சையைக் கொண்டுவந்ததாக இந்திய திராட்சை வரலாறுகளும் எழுதுகின்றன. ஆனால் ரெஸ்ட் பார்க் தோட்டத்துக் கணக்கை அருகில் வைத்துப் பார்த்தால் ஆண்டு இடிக்கிறது. 1850இல் பிறந்த கொடி 1832இல் மதுரைக்கு வந்திருக்க முடியாது. பாதிரியார் முதலில் கொண்டுவந்தது வேறொரு கொடியாகவும், மஸ்கட் ஹாம்பர்க் அதற்குப் பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்ததாகவும் இருந்தால்தான் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். கதையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பாதிரியாருக்குத் திராட்சை வேண்டியிருந்தது என்பது உண்மை. பூசைக்குத் திராட்சை ரசம் இல்லாமல் முடியாது, அன்றைய கப்பல் போக்குவரத்தில் ஐரோப்பிய மது எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. கோயில் வளாகத்திலேயே நாலு கொடி நட்டுவைப்பது விவேகமான காரியம்.

பாதிரிமார் வழியாக உணவு வந்ததற்கும், போனதற்கும் இந்தப் பக்கத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்த ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அவருடைய ஊர் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்து மொன்டெபுல்சியானோ. அன்றே மதுவுக்குப் பேர்போன மலையூர் அது. மதுரையில் அவர் காவி உடுத்து, மாமிசமும் மதுவும் விட்டு, ஒருவேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழ்ந்தார். தன் ஊர்ப் பந்தியை விட்டு இந்த ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தால்தான் இந்த ஊர்க்காரர் தன் பேச்சைக் கேட்பார்கள் என்று அவர் கணித்தார். அதற்காக அவர் தன்னுடைய ஜேசு சபைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பைச் சந்தித்தார். உணவு எவ்வளவு பெரிய அடையாளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். 1773இல் ஜேசு சபை கலைக்கப்பட்டது. 1814இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1838இல் பிரெஞ்சு ஜேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். அவர்கள் கால்வைத்த இடமெல்லாம் கோயிலோடு தோட்டமும் வந்தது. கொடைக்கானல் சரிவுகளில் சீமைப் பழங்களைப் பரப்பியதில் அமெரிக்க, பிரெஞ்சு மிஷனரிகள் இருவருக்குமே பங்குண்டு. அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. பெங்களூரில் வல்லம்ப்ரோசா மடத்துத் துறவிகள் இத்தாலியில் பாலாடைக்கட்டி செய்யக் கற்றுவந்து, மொசரெல்லா செய்து நகரத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிறார்கள்.

பாதிரியார் தோட்டத்துக் கொடி, ஊரார் பயிராக மாறுவதற்குத் தண்ணீர் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலை உச்சியிலேயே கொட்டித் தீர்ந்து மேற்கே ஓடிவிடும். இந்தப் பக்கம் காற்று மட்டும் வரும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம், மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் கொடுத்தது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்பது பேச்சு. ஜான் பென்னிகுயிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு. ஒரு மைலுக்கும் சற்று அதிகமான சுரங்கம் மலையைக் குடைந்து வந்து தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளியது. பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று லோயர்கேம்பில், சுருளிப்பட்டியில், பாலார்பட்டியில் ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே அவர் சாமி மாதிரி.

கால்வாய்த் தண்ணீர் நெல்லுக்குப் போயிற்று. இன்றும் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் என்று விவசாயிகள் சொல்லும் கணக்கு 14,707 ஏக்கர். திராட்சை வாய்க்கால் பாயாத மேட்டிலும் கிணற்றடியிலும் ஏறியது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் கிணற்றில் ஊற்று இருக்கும். 1958 முதல் லோயர்கேம்பில் பெரியாறு மின்நிலையம் ஓடத் தொடங்கி, கம்பிவழி மின்சாரம் பம்புசெட்டுக்கு வந்தபின், கமலையும் மாடும் இறைத்த கிணறுகள் நாள்முழுக்கப் பாய்ந்தன. குமுளி மலைச்சாலையில் போகிறவர்கள் மின்நிலையத்துக்குத் தண்ணீரைச் சுமந்து சரிவில் இறங்கும் நான்கு இரும்புக் குழாய்களைப் பார்க்கத் தவற மாட்டார்கள். பள்ளத்தாக்கின் தோட்டப்பயிர்ச் செல்வம் பாதிக்குமேல் அந்தக் குழாய்கள் வழியாக இறங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே திராட்சைக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும், வசந்தத்தில்தான் விழிக்கும். ஆண்டுக்கு ஒரு விளைச்சல். கம்பத்தில் கொடியை எழுப்புவது கவாத்துக் கத்தி. காய்த்த கொடியை வெட்டிவிட்டு, இலையை உருவி, ஊட்டம் வைத்துத் தண்ணீர் கட்டினால் கண்களில் துளிர் வெடிக்கும். சுமார் 120 நாளில் பழம் கையில். ஒரு தோட்டத்தில் கவாத்து, பக்கத்தில் பூ, அதற்கடுத்ததில் கருப்பேறும் குலை என்று ஒரே சாலையில் எல்லாப் பருவத்தையும் பார்க்கலாம். வேறெங்கும் திராட்சை இல்லாத மாதங்களிலும் கம்பத்துக் காய் சந்தையில் இருப்பதன் ரகசியம் இதுதான். வெப்ப நிலத்தில் கொடி இப்படி நடந்துகொள்வதை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கவனித்திருக்கிறார். துக்ளக் காலத்தில் தௌலதாபாத் வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதை வியந்து எழுதினார்.

நோயும் கூடவே வரும். மழை ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் பிடித்தால் ஒரு வாரத்தில் தோட்டம் கருகும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கம்பத்து விவசாயி போர்டோ கலவை என்று சொல்லித் தெளிக்கும் இந்த நீல மருந்து, 1880களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களை அதே நோயிலிருந்து காப்பாற்ற அறிஞர் மில்லார்டே கண்டுபிடித்தது. கொடியும் அதன் நோயும் மருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே வந்து சேர்ந்தன. பந்தல் போடுவதும் கவாத்துக்கு நாள் பார்ப்பதும் கொத்தில் காய் கலைப்பதும் மட்டும் உள்ளூர்க் கை. அந்தக் கைப்பழக்கம் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்று ஆராய்ச்சி நிலையத்தை ராயப்பன்பட்டி வட்டாரத்தில் வைத்ததற்கும் காரணம் அதுதான்.

வெளியிலிருந்து வந்த பயிர் எப்போது ஊர்ப் பயிராகிறது? இதற்கு இத்தாலியர்கள் தக்காளியை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தாலியச் சமையல் என்றதும் எல்லார் நினைவுக்கும் வரும் தக்காளி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்தது. 1548இல் டஸ்கனி பிரபுவின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்ததாக ஆவணம் இருக்கிறது. அதற்குப்பின் ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலோர் அதை வேடிக்கைதான் பார்த்தார்கள். 1690களில் நேப்பிள்ஸில் அன்டோனியோ லத்தீனி அச்சிட்ட சமையல் நூலில்தான் தக்காளி வைத்துச் செய்யும் சாறு வருகிறது. பிறகு வெசுவியஸ் எரிமலையடி மண்ணில் அது வேர்பிடித்தது. 1996இல் சான் மர்சானோ தக்காளிக்கு ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. வந்த பயிர் ஊர்ப்பேர் வாங்க அங்கே நானூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

பேருக்குச் சட்டம் போடுவதில் இத்தாலியர்கள் கெட்டிக்காரர்கள். மதுவுக்கு ஊர்ப்பெயர்க் காப்பு தரும் சட்டத்தை 1963இல் கொண்டுவந்தார்கள். 1980இல் அதன் உச்சப் படியில் முதலில் ஏறிய சில மதுக்களில் நொபிலியின் சொந்த ஊரான மொன்டெபுல்சியானோவின் மதுவும் ஒன்று. 1986இல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டருகே மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது, கார்லோ பெத்ரினி என்ற வட இத்தாலியப் பத்திரிகையாளரும் நண்பர்களும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். பின்னால் உலக இயக்கமான ஸ்லோ ஃபுட் அங்கேதான் முளைவிட்டது. இன்றைய உயர்தர இத்தாலிய உணவகங்களின் இலக்கணத்தில் இந்தப் பேர்க்காப்பும் ஸ்லோ ஃபுட்டும் கலந்திருக்கின்றன. புதுமையாகச் சமை, ஆனால் பொருள் இன்ன ஊருடையது என்று தெரியும்படி சமை என்பது அதன் சாரம்.

மொடெனா நகரில் மாசிமோ பொத்தூரா 1995இல் தொடங்கிய ஒஸ்தேரியா ஃபிரான்செஸ்கானா இந்த இலக்கணத்துக்கு நல்ல உதாரணம். மிஷெலின் கையேட்டின் 3 நட்சத்திரம் பெற்ற கடை. அதன் பேர்போன பண்டம் ஒன்றில் இருப்பதெல்லாம் அந்த வட்டாரத்துப் பார்மெசான் பாலாடைக்கட்டி மட்டும்தான். 24 மாதம் முதல் 50 மாதம்வரை ஐந்து வெவ்வேறு வயதுக் கட்டியை, நுரையாகவும் குழம்பாகவும் மொறுமொறுத் தகடாகவும் ஒரே தட்டில் வைப்பார்கள். 2012 மே மாதம் எமிலியா பகுதியில் நிலநடுக்கம் வந்து, கிடங்கில் அடுக்கியிருந்த லட்சக்கணக்கான பார்மெசான் வட்டுகள் சரிந்து உடைந்தன. விற்காவிட்டால் ஊரே முடங்கும் நிலை. உடைந்த கட்டியைத் தீர்க்க, வீட்டில் யாரும் செய்யக்கூடிய ஓர் அரிசிச் சோற்றை பொத்தூரா வகுத்துக் கொடுத்தார். அதில் பாலாடைக்கட்டிக்கு அடுத்தபடி முக்கியப் பொருள் மிளகு.

மிளகு என்றதும் கதை மறுபடி குமுளி மலைக்குத்தான் திரும்ப வேண்டும். பண்டைய ரோமில் மிளகுக்கென்றே அரசாங்கக் கிடங்கு இருந்தது. அபிசியஸ் பேரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் இனிப்புப் பண்டத்துக்குக்கூட மிளகு தூவுவார்கள். கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், நகரை விட்டு விலகக் கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. பண்டைய ரோமுக்கு மிளகு போன முக்கிய வழிகளில் ஒன்று சேரநாட்டு முசிறித் துறைமுகம். மதுரையிலிருந்து வைகைக் கரையோடு வந்து கம்பம் பள்ளத்தாக்கில் ஏறி மேற்குக் கரைக்கு இறங்கும் பழைய வணிகவழி ஒன்று இருந்தது என்று தொல்லியலாளர் கருதுகிறார்கள். போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரை பொறித்த வெள்ளிக் காசுக் குவியல் அதற்கு வலுச்சேர்க்கிறது.

ஏலக்காயின் நிலைமை வேறு. அது வெளியூர்ப் பயிரல்ல, இந்த மலையின் சொந்தப் பிள்ளை. மலைத்தொடருக்கே ஏலமலை என்று பேர். காய் விளைவது இன்று இடுக்கி மாவட்டத்தில். பறிக்கும் கை பெரும்பாலும் பள்ளத்தாக்குடையது. விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கி ஏறி மலைக்குப் போகிறார்கள், பொழுது சாயும்போது இறங்குகிறார்கள். பறித்த காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தின் சூட்டில் பச்சை மாறாமல் உலர்த்தி, சல்லடையில் 6, 7, 8 மில்லிமீட்டர் என்று தரம் பிரித்து, போடிக்கு அனுப்புவார்கள். மணிலா சாக்கில் வரும் காயின் மாதிரி ஏலத்துக்கு முன்பே வியாபாரிகள் கைக்குப் போய்விடும். அவர்கள் நகத்தால் ஒரு காயைக் கீறி, விதை கருத்திருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்து, கணினியில் விலை ஏற்றுவார்கள். நறுமணப்பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் போடி ஒன்று, மலைமேல் புத்தடி மற்றது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் போட்டதே இந்த மலைச்சரக்கை நம்பித்தான். 2010 கடைசியில் அந்தப் பாதையை அகலப்படுத்த மூடினார்கள். தேனிவரை 2022இலும் போடிவரை 2023இலும்தான் ரயில் திரும்பியது.

இத்தனை இருந்தும், உலகச் சந்தையில் இந்தக் காய்க்குப் பேர் ஆலப்பி கிரீன். கப்பல் ஏறிய துறைமுகத்தின் பேர் அது. ஆலப்புழைக் கடற்கரை மணலில் ஒரு ஏலச்செடியும் வளராது. ஆனால் புவிசார் குறியீட்டுப் பட்டியலில்கூட இந்த மலையின் ஏலக்காய் ஆலப்பியின் பேரில்தான் பதிவாகியிருக்கிறது. பறித்த கைக்கும் ஏலம் போட்ட ஊருக்கும் அந்தப் பேரில் இடமில்லை. இது பெரிய அநியாயம் என்று போடிக்காரர்கள் வருத்தப்பட்டால் அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தக்காளியிலும் அதே கதை நடந்திருக்கிறது. தேனியை ஒட்டிய அன்னஞ்சி என்ற ஊரில் நெடுங்காலமாகப் பயிரான நாட்டுத் தக்காளி ஒன்று உண்டு. பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அந்த அன்னஞ்சித் தக்காளியில் மாற்றம் தூண்டி, பி.கே.எம். 1 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். தட்டையான உருண்டை, முற்றும்போது தோள்பக்கம் பச்சை, பழுத்தால் ஒரே சிவப்பு, லாரிப் பயணம் தாங்கும். தமிழ்நாட்டு மேட்டுநிலத் தக்காளிக்காரர்கள் எல்லாரும் அறிந்த விதை. அதே பெரியகுளத்தில் 1989இல் வெளியான பி.கே.எம். 1 செடிமுருங்கை கடல்தாண்டி ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பயிராகிறது. மூன்று ஆங்கில எழுத்துக்குள் ஒளிந்திருப்பது பெரியகுளம் என்ற ஊர் என்பது அங்கே விதை வாங்குபவர் எத்தனை பேருக்குத் தெரியும்? சான் மர்சானோ என்ற சிற்றூரின் பேரைச் சொல்லித் தக்காளி டப்பாவுக்கு இரண்டு மடங்கு விலை வைக்க இத்தாலியரால் முடிகிறது. அன்னஞ்சியின் பேர் ரகப் பட்டியலின் ஒரு வரியோடு நின்றுவிட்டது.

மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. குமுளியில் சி.ஜி.எச். எர்த் நிறுவனத்தின் ஸ்பைஸ் வில்லேஜ் விடுதியில் 50 மைல் டயட் என்று ஒரு உணவகம் வைத்தார்கள். 50 மைல் சுற்றுவட்டத்துக்குள் விளைந்ததை வைத்தே சமைப்பது என்று விரதம். எங்கே எது விளைந்தது என்பதை விருந்தாளிக்குச் சொல்வது அதன் மரியாதை. மொடெனாவில் நடப்பதும் இதுவே, ஊர் மட்டும் வேறு. 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர். குமுளியிலிருந்து கம்பம் 25 கிலோமீட்டருக்குள், தேனி சுமார் 60 கிலோமீட்டர். ஆக அந்த வட்டத்துக்குள் பள்ளத்தாக்கு முழுக்க அடங்கிவிடுகிறது. உத்தமபாளையத்துத் திராட்சை, சின்னமனூர் வாழை, கூடலூர் நெல், பெரியகுளத்து மாம்பழம், போடிமெட்டுக் காபி, மேகமலைத் தேயிலை, வருசநாட்டுப் பக்கத்து இலவம், தேங்காய், புளி. இலவத்தைத் தலையணைக்கு விட்டுவிடலாம், மற்றதெல்லாம் சாப்பாட்டுக்கு. ஒரு நல்ல சமையல்காரர் இதைவிட அதிகமாக எதைக் கேட்பார்?

பள்ளத்தாக்குக்குள் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகளின் பிரியாணிக் கைப்பக்குவம், ஐயப்பன் சீசனில் குமுளிச் சாலையோரம் முளைக்கும் இட்லிக் கடைகள், பரோட்டாவும் சால்னாவும் இரவு 12 மணிவரை ஓடும் பஸ்நிலையக் கடைகள் எல்லாம் உண்டு. சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றுலாக்காரரை விட்டு, பழமும் சாறும் விற்கிறார்கள். சின்ன ஓவுலாபுரத்தில் ஹில் ஜில் என்ற வைன் ஆலையும் எழுந்தது. குறை ஒன்றுதான். எந்தக் கடையின் விலைப்பலகையிலும் ஊர்ப்பேரைப் பார்ப்பது அபூர்வம். திராட்சை ஜூஸ் என்று எழுதியிருக்கும். எந்த ஊர்த் திராட்சை, யார் தோட்டம், எப்போது வெட்டியது என்று கேட்டால் கடைக்காரருக்குப் பதில் தெரியும், ஆனால் அது பலகையில் இருக்காது.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு சோழவந்தான் வெற்றிலைக்கும் கிடைத்தது. அந்தக் கொடிக்கால்களும் பெரியாற்றுத் தண்ணீரைக் குடிப்பவைதான். இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில். தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் 85 விழுக்காடு பன்னீர் ரகம் என்றும், பள்ளத்தாக்கில் 10 ஊர்களில் சுமார் 2,000 ஏக்கரில் பயிராகிறது என்றும் பதிவு நேரத்தில் சொல்லப்பட்டது. ஆல்ப்ஸ் அடிவாரத்து ஸ்கியாவாவின் வாரிசு, இங்கிலாந்துத் தோட்டக்காரர் கையில் பிறந்து ஜெர்மன் நகரின் பேரைச் சுமந்து வந்த கொடி, சட்டப்படி கம்பத்துக் கொடியானது. தக்காளிக்கு நானூற்றைம்பது ஆண்டு. திராட்சைக்கு அதில் பாதிகூட ஆகவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

இனி செய்ய வேண்டியது விவசாயி கையிலும் கடைக்காரர் கையிலும் இருக்கிறது. குறியீடு கிடைத்த உடனே எல்லாரும் அந்தப் பேரைப் பெட்டியில் அச்சடித்துவிட முடியாது. தோட்டக்காரர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று கிண்டிப் பதிவகத்தில் பேர் பதிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் அந்தப் பேரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அன்னஞ்சித் தக்காளிக்கும் ஏலமலைக் காய்க்கும் நழுவிய வாய்ப்பு இது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி விவசாயிகள் அந்த விண்ணப்பத்தை இந்தக் கவாத்துக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையிலேயே போட்டுவிடலாம். தேனியிலும் கம்பத்திலும் ஓட்டல் நடத்துபவர்கள் நாளைக் காலை விலைப்பலகை எழுதும்போது, திராட்சைச் சாறு என்ற சொல்லுக்கு முன்னால் அது விளைந்த ஊரின் பேரையும் சேர்த்து எழுதட்டும்.